ஒரே வீட்டார் மட்டும் கட்டிப் புரளலாம்

செத்தவர்கள் ஒருவருக்கொருவர் இரண்டு மீட்டர் தள்ளி விழ வேண்டும் என்பது முதல் விதி. கர்ஸ்டி அதை வாசித்ததும், கணினித் திரையில் இருபத்தாறு சதுரங்களுக்குள் அடைபட்டிருந்த இருபத்தாறு பேரும் ஒரே குரலில் முனகினார்கள்.

“சாகப்போறவன் டேப் வச்சு அளந்துட்டா சாவான்?” என்றது ஒரு சதுரம்.

“பச்சைக் கொடி நட்டு வைப்போம் சார். அவங்கவங்க கொடி பக்கத்துல அவங்கவங்க விழுந்துக்கலாம்,” என்றாள் கர்ஸ்டி.

கர்ஸ்டி, ஹோல்ட்பி விமானத் திடலின் பாதுகாப்பு அதிகாரி. முப்பது வயதுக்காரி. இந்தப் பெரியவர்கள் மீது அவளுக்குப் பிரியம் உண்டு, தன் பொறுப்பில் இருக்கும்போது இவர்களுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்ற கிலியும் உண்டு. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் சனிக்கிழமை அந்தத் திடலில் நாற்பதாம் ஆண்டுச் சங்கத்தார் 1940-இன் உலகப் போரை நடத்திக் காட்டுவார்கள். மேலே பழைய போர் விமானங்கள் பறக்கும். கீழே பழைய உடுப்பில் ஓய்வுபெற்ற வாத்தியார்களும் தபால்காரர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டமே திரண்டு வரும். கொள்ளைநோய் வந்த இந்த ஆண்டு, பார்க்க வருகிறவர்கள் தங்கள் காரைவிட்டு விலகாமல் பார்ப்பதென்றால் நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது.

கர்ஸ்டி மேலே வாசித்தாள். ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் தொடக் கூடாது. கைகுலுக்கக் கூடாது. போருக்குப் போகிற சிப்பாய்க்குக் காதலி முத்தம் கொடுக்கிற காட்சி கிடையாது. கூட்டமாய்ப் பாடுவது கிடையவே கிடையாது.

“அப்போ கடைசிக் காட்சி?” என்றார் மேஜர் ஃபேன்தார்ப். அவர் சங்கத் தலைவர். நாற்பது வருஷம் பல் பிடுங்கியவரை மேஜராக்கியது பெரிய அளவில் கிடைத்த ஒரு மேஜர் சட்டைதான். “ஜெர்மன் விமானி பாராசூட்ல வந்து வைக்கோல்ல விழறான். பண்ணைக்காரி வைக்கோல் அள்ளற கவைக்கோலோட வந்து அவன் காலரைப் பிடிச்சுப் புரட்டி எடுக்கறா. ஜனங்க அதுக்குத்தாம்மா வர்றாங்க. அது இல்லைன்னா அவங்க வீட்டுலயே படுத்துத் தூங்கலாம்.”

“தொடக் கூடாது சார். ஒரே வீட்டுல இருக்கறவங்கன்னா மட்டும் தொடலாம். ஒரே வீட்டார் கட்டிப் புரண்டாக்கூட சட்டம் ஒண்ணும் சொல்லாது.”

இருபத்தைந்து முகங்கள் மலர்ந்தன. அத்தனை கண்ணும் ஒரு சதுரத்தைத் தேடின. அந்தச் சதுரத்தில் இருந்தவர் ஹெட்லி பாக்லிங்டன்.

“யோவ் ஹெட்லி! நீ விமானி, உன் பொண்டாட்டி பண்ணைக்காரி! கடவுளாப் பாத்துக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கான்யா உங்களுக்கு!” என்று மேஜர் கூவினார். “ஏவ்ரில் எங்கே? கூப்பிடு!”

“சமையல்கட்டுல வேலையா இருக்கா,” என்றார் ஹெட்லி.

சமையல்கட்டில் யாரும் இல்லை. ஏவ்ரில் பதினேழு மைல் தள்ளி அக்கா மியூரியல் வீட்டில் இருந்தாள். அவள் போய் ஒன்பது வாரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஜூம் கூட்டத்திலும் ஹெட்லி அவளைச் சமையல்கட்டுக்கோ மாடிக்கோ தோட்டத்துக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். பொய் சொல்வதற்கு வீட்டில் எத்தனை அறைகள் தேவை என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

ஜெர்மானியனாய் வேஷம் கட்ட அந்த ஊரில் எவனும் முன்வர மாட்டான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஹெட்லி முன்வந்தார், அசல் ஜெர்மன் விமானி அங்கி ஒன்று அவருக்குக் கிடைத்ததனால். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் மொத்தமும் துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டிலிருந்து வந்தது. நடுங்கிக்கொண்டே சொன்னால் கம்பளித் துணி அலசும் முறையும் உயிர்ப்பிச்சை கேட்பது போலத்தான் இருக்கும். மற்ற விஷயத்தில் எல்லாம் அவர் ஈவிரக்கம் இல்லாதவர். சங்கத்தில் ‘நூல் எண்ணிகள்’ என்று ஒரு கூட்டம் உண்டு. சட்டைத் தையலில் அங்குலத்துக்கு எத்தனை நூல் ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்து, நாற்பதாம் வருஷத்துக்குப் பொருந்தாவிட்டால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஹெட்லிதான் தலைவர். திடலுக்குள் நுழைந்த பிறகு நிகழ்காலத்தின் பேச்சை எடுக்கவே கூடாது, நடப்பு ஆண்டை வாய்தவறிச் சொன்னவன் அடுத்த வருஷம் உள்ளே வர முடியாது என்ற விதியையும் அவர்தான் எழுதினார். அந்த விதிப்படி தன் சொந்த மைத்துனரையே வெளியேற்றியவர்.

இந்தப் பைத்தியம் வருஷத்தில் ஒரு நாளோடு நின்றிருந்தால் ஏவ்ரில் வீட்டிலேயே இருந்திருப்பாள். மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. கடையில் மாவு இல்லை, கழிவறைக் காகிதம் இல்லை. ஹெட்லி கொல்லைப்புறத்தில் மண்வெட்டியை எடுத்தார். ஏவ்ரில் பன்னிரண்டு வருஷமாய்ப் பிள்ளை போல வளர்த்த டேலியாச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு நட்டார். குளியல் தொட்டியில் ஐந்து அங்குல உயரத்தில் கறுப்புக் கோடு வரைந்தார். போர்க்காலத்தில் அதற்கு மேல் வெந்நீர் ஊற்றக் கூடாதாம். ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கியது. தேயிலை ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ், தராசில் நிறுத்து. மூன்றாவது வாரம் ஏவ்ரில் தன் தேயிலையை மூச்சிழுப்பானோடு சேர்த்துக் கைப்பைக்குள் ஒளித்து வைக்க ஆரம்பித்தாள். ஆஸ்துமாவுக்கும் புருஷனுக்கும் ஒரே பையில் மருந்து.

ஜூன் பன்னிரண்டு அவளுடைய அறுபதாவது பிறந்தநாள். ஹெட்லி மூன்றடுக்கு வெள்ளைக் கேக் ஒன்றை மேசையில் வைத்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதத்தில் சர்க்கரையைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். கத்தியை வைத்து அழுத்தினாள், இறங்கவில்லை. இன்னும் அழுத்தினாள், டொக்கென்று சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டிக்கு மேல் சுண்ணாம்பு பூசியிருந்தார். பெட்டியைத் தூக்கினால் உள்ளே உள்ளங்கையளவு கேரட் ரொட்டி. “நாப்பதுல எல்லாக் கல்யாணத்துக்கும் இப்படித்தான் ஏவ்ரில்! அசலே அசல்!” என்று ஹெட்லி கைதட்டினார்.

தனியாய் வாழ்கிறவர்கள் இன்னொரு வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம் என்ற அரசாணை மறுநாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அவளுக்காகவே போட்ட சட்டம் போல. மியூரியல் தனிக்கட்டை. ஏவ்ரில் ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பிவிட்டாள். கவைக்கோலை மட்டும் விட்டுப்போயிருந்தாள். ஹெட்லிக்கு அதுதான் ஒரே நம்பிக்கை. இந்த நாடகத்தைச் சாக்காக வைத்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும், இதை விட்டால் வேறு வழி இல்லை என்று அவருக்கு உறுதியாய்த் தோன்றியது. அவள் இல்லாத வீட்டில் ஐந்தங்குல வெந்நீரில் உட்கார்ந்திருப்பது போன்ற அவலம் உலகத்தில் வேறு இல்லை.

அன்று சாயங்காலமே போன் செய்தார்.

“வர்றேன்,” என்றாள் ஏவ்ரில், அவர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக. “ஆனா ஒண்ணு. நான் கவைக்கோலுக்காக வர்றேன், உனக்காக இல்ல. இருபது வருஷமா என் காட்சி அது. உன் கிறுக்குக்காக நான் ஏன் அதை விடணும்?”

“சரி, சரி.”

“விதி என்னன்னு கேட்டியா? நாம ரெண்டு பேரும் இப்ப ஒரே வீடு இல்ல. தொட முடியாது.”

“அதெல்லாம் பேசியாச்சு,” என்றார் ஹெட்லி. எதையும் பேசவில்லை. மறுநாள் கர்ஸ்டி அனுப்பிய படிவத்தில் ‘இருவரும் ஒரே வீட்டில் வசிக்கிறோம்’ என்ற இடத்தில் இரண்டு பேருக்குமாக அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். குளத்தில் விழுந்தவனுக்கு முழங்கால் நனைந்தது ஒரு கவலையா?

சனிக்கிழமை காலை வெயில் பளிச்சென்று இருந்தது. புல்லில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கார் வீதம் அறுநூறு கார்கள். கழிவறைக்குத் தவிர யாரும் கட்டத்தைத் தாண்டக் கூடாது. வர்ணனையைக் கார் ரேடியோவில் கேட்டுக்கொள்ளலாம். கைதட்டினால் யாருக்கும் கேட்காது என்பதால் பிடித்திருந்தால் ஹாரன் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். குடும்பங்கள் மடக்கு நாற்காலி போட்டு, பன்றிக்கறிப் பணியாரமும் பிளாஸ்கில் தேநீருமாய் அவரவர் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தன. ஆறு மாதமாய் அடைந்து கிடந்த ஜனம், மேலே ஒரு காக்காய் பறந்திருந்தால்கூட ஹாரன் அடித்திருக்கும்.

உடுப்புச் சோதனை முடிந்தது. சானிடைசர் இருக்கலாம், ஆனால் பழைய மருந்துக் குப்பியில்தான் இருக்க வேண்டும் என்று ஹெட்லி ஏற்கனவே உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காவல் படை வேஷத்தில் இருந்த ஒருவன் அதை இருமல் மருந்து என்று நினைத்து வாய்வரை கொண்டுபோய்விட்டான். நல்லவேளை, வாடை காப்பாற்றியது.

ஏவ்ரில் தன் அக்காவின் காரில் பதினோரு மணிக்கு வந்தாள். முழங்கால்வரைப் பழுப்புக் கால்சட்டை, பச்சைக் கம்பளி மேல்சட்டை, தலையில் முடிச்சுப் போட்ட துணி. பன்னிரண்டு வாரமாய்ச் சர்க்கரை சாப்பிட்டதில் கன்னம் பூசினாற்போல இருந்தது. வழியெல்லாம் ஹெட்லி பாடம் பண்ணிக்கொண்டு வந்த மன்னிப்பு ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

“கவைக்கோலைத் தொடச்சு வச்சிருக்கேன்,” என்றார்.

“கீழ வச்சுட்டுப் பின்னால போ,” என்றாள். அவர் வைத்தார், போனார். அவள் வந்து எடுத்துக்கொண்டாள்.

காட்சி நடக்கிற இடம் கார்களிலிருந்து வெகு தூரம். மற்ற வருஷங்களில் கூட்டம் சுற்றி நிற்கும், ஊமைக்கூத்தே போதும். இந்த வருஷம் கர்ஸ்டி இருவருக்கும் ஆளுக்கொரு சின்ன மைக்கை மேசையில் வைத்துவிட்டு எட்டி நின்றாள். ஹெட்லி அங்கிக்குள் ஒட்டிக்கொண்டார், ஏவ்ரில் தலைத்துணிக்குள் செருகிக்கொண்டாள்.

மூன்று மணி. ஹெட்லி வைக்கோல் குவியலில் பாராசூட்டைப் போர்த்திக்கொண்டு மல்லாந்து கிடந்தார். இருபத்தைந்து அடி தள்ளி வேலி மறைவில் ஏவ்ரில் நின்றாள். கர்ஸ்டி அட்டையும் பேனாவுமாக அவளை நோக்கி அவசரமாய் வருவதை ஹெட்லி பட்டுத் துணியின் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

“மிஸஸ் பாக்லிங்டன், ஒரு நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே? படிவத்துல ரெண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கு, அதான் கேட்டுட்டுப் போலாம்னு.”

அவள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஏவ்ரில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூரத்திலிருந்தே வாசித்தாள். வாசித்து முடித்து மெதுவாகப் பாராசூட் பக்கம் திரும்பினாள். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் அந்தப் பார்வையை ஹெட்லி இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். இரண்டாவது தடவை கேக்குக்கு.

அவள் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் மரங்களுக்கு மேலே ஸ்பிட்ஃபயர் வந்துவிட்டது. எண்பது வயது விமானம் யாருக்காகவும் காத்திருக்காது. அதற்குக் குறித்த நிமிஷத்தில் அது வரும். கர்ஸ்டி ஓடி ஒதுங்கினாள். விமானம் தலையை உரசுவது போல இரண்டு முறை போய்த் திரும்பியது. புகைக்குண்டு வெடித்தது, அறுநூறு கார்களும் ஊளையிட்டன. ரேடியோவில் மேஜரின் குரல் கம்பீரமாய் எழுந்தது: “இதோ, அன்பர்களே! எதிரி விமானி வீழ்ந்தான்! வருகிறாள் நம் பண்ணைப் பெண்!”

வந்தாள். இருபது வருஷத்தில் இவ்வளவு வேகமாய் வந்ததே இல்லை. ஹெட்லி எழுந்து மண்டியிட்டுக் கையைத் தூக்கி, கம்பளித் துணி அலசும் முறையை நடுங்கும் குரலில் ஆரம்பித்தார். கவைக்கோலின் முனை அவர் மார்புக்கு நேராய் நீண்டது. பிறகு அவள் டக்கென்று நின்றுவிட்டாள்.

சரியாக இரண்டு மீட்டர்.

“பிடி!” என்று ஹெட்லி பல்லுக்குள் சொன்னார். “காலரைப் பிடி ஏவ்ரில்!”

“எப்படிப் பிடிக்கறது? நான் வேற வீட்டுக்காரி.”

அறுநூறு ரேடியோக்களில் அது கணீரென்று கேட்டது.

“மைக்! மைக் இருக்கு!”

“இருக்கட்டும். என் கையெழுத்தை நீ போட்டியா?”

“நாடகம் நடக்கணுமேன்னு...”

“என் கையெழுத்தைப் போட்டுட்ட. என் டேலியாவைப் பிடுங்கிட்ட. தொட்டியில கோடு போட்ட. அறுபது வயசுல ஒரு பொம்பளை அஞ்சு அங்குலத் தண்ணியில எதைய்யா நனைக்கிறது?”

ஒரு ஹாரன் அடித்தது. அப்புறம் பத்து. கார்களில் இருந்த பெண்கள் முன்னால் எட்டி ஹாரனை அழுத்துவது தூரத்திலிருந்தே தெரிந்தது.

மேஜர் ஃபேன்தார்ப் நாற்பது வருஷம் வலியில் கத்துகிறவர்களுக்கு நடுவே நிதானமாய்ப் பேசிப் பழகியவர். “அன்பர்களே,” என்றார், “இந்த விமானிக்கும் இந்தப் பெண்ணுக்கும் போருக்கு முன்பே பழக்கம் உண்டு என்று தெரிகிறது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்.”

ஜனம் நாற்காலி நுனிக்கு வந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகள் இரண்டுபட்டார்கள், ஊருக்குக் கொண்டாட்டம்.

“வாரத்துக்கு ரெண்டு அவுன்ஸ் தேயிலை!” என்று ஏவ்ரில் கார்களைப் பார்த்தே முறையிட்டாள். “தராசுல நிறுத்துக் குடுத்தான்! அறுபதாவது பொறந்தநாளுக்கு அட்டைப்பெட்டியில கேக் பண்ணி வச்சான்! சுண்ணாம்பு பூசி!”

திடலே அதிர்ந்தது. சாவுக் கொடிகளுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தவர்களில் இரண்டு நூல் எண்ணிகள் மட்டும் தலையைத் தூக்கி, “அட்டைக் கேக்கா? சுண்ணாம்புப் பூச்சா? அது ரொம்பச் சரிங்க, அப்படியே நாப்பது,” என்று ஒருவருக்கொருவர் மெச்சிக்கொண்டார்கள்.

ஹெட்லிக்குக் கை வலித்தது. முழங்காலில் வைக்கோல் குத்தியது. இத்தனை வருஷம் கட்டிக் காத்த மானம் ஹாரன் சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் கார் ஏறிப் போய்விடுவாள், இந்த முறை போனால் போனதுதான் என்பது ஒன்றுதான் தெரிந்தது.

“ஏன் அப்படிப் பண்ணினே?” என்றாள் ஏவ்ரில். குரல் இறங்கியிருந்தது. “வருஷத்துல ஒரு நாள் நானும் கூடத்தானே ஆடினேன். நம்ம வீட்டை ஏன் அப்படி ஆக்கினே? சொல்லு.”

“லெட்டர் வந்துச்சு.”

“என்ன லெட்டர்?”

“மார்ச்ல. ஆஸ்பத்திரியிலிருந்து. உனக்கு மூச்சு இப்படி இருக்கறதால, இந்த நோய் வந்தா நீ தாங்க மாட்டேன்னு. கடைக்குப் போகக் கூடாது, ஆளைப் பாக்கக் கூடாதுன்னு. ரெண்டு பக்கம்.”

“எனக்குத் தெரியுமே. நானும் படிச்சேனே.”

“நீ படிச்சுட்டு ‘ஓகோ’ன்னு மடிச்சு வச்சுட்டே. என்னால முடியல. அன்னைக்கு ராத்திரி எனக்குக் கைகால் நிக்கல ஏவ்ரில். டிவியைப் போட்டா எண்ணிக்கை சொல்றான். நாளைக்கு என்ன ஆகும்னு எவனுக்கும் தெரியல.” அவர் மூக்கை உறிஞ்சினார். கை தூக்கியிருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. “நாப்பது எப்படி முடியும்னு எனக்குத் தெரியும். எவ்வளவு குண்டு போட்டாலும் கடைசியில நாம பொழச்சுக்குவோம். அதனால அங்கயே போய் உக்காந்துட்டேன். கிழங்கு நட்டா நீ கடைக்குப் போக வேண்டாம். தேயிலையை அளந்தா கடைக்கு இன்னும் ஒரு வாரம் கழிச்சுப் போலாம். வேற என்ன செய்யறதுன்னு தெரியல. பயந்துட்டேன். நீ செத்துப்போயிடுவியோன்னு பயந்துட்டேன்.”

ஒரு ஹாரனும் அடிக்கவில்லை. ஸ்பிட்ஃபயர் எங்கோ தூரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. மேஜர் மைக்கில் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

ஏவ்ரில் கவைக்கோலை மண்ணில் ஊன்றினாள். தலைத்துணியை ஒதுக்கி, புறங்கையால் ஒரு கண்ணைத் துடைத்தாள், அப்புறம் இன்னொன்றை.

“இதை வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? ‘ஏவ்ரில், பயமா இருக்கு’ன்னா நானும் ‘எனக்கும்தான்டா’ன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் ஒரு பானைத் தேத்தண்ணி போட்டுக் குடிச்சுட்டு சேர்ந்து பயந்திருக்கலாம். ஸ்ட்ராங்கா.”

“ஆமா.”

“நான் சாகறதா இருந்தாலும் இந்த வருஷத்துல சாகறேன் ஹெட்லி. எண்பது வருஷம் பின்னாடி போயெல்லாம் என்னால சாக முடியாது.”

“சரி.”

“சரின்னு சொன்னாப் போதாது.” அவள் கவைக்கோலை மறுபடி கையில் எடுத்தாள். “இன்னைக்குத் தேதி என்ன?”

ஹெட்லிக்குப் புரிந்தது. பச்சைக் கொடிகளுக்குப் பக்கத்தில் செத்தவர்கள் அனைவரும் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார்கள்.

“செப்டம்பர் அஞ்சு,” என்றார்.

“வருஷம்?”

“ஏவ்ரில்... திடலுக்குள்ள...”

“வருஷம்!”

“வேண்டாம்யா ஹெட்லி!” என்று ரேடியோவில் மேஜர் தன்னை மறந்து அலறினார்.

ஹெட்லி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். “ரெண்டாயிரத்து இருபது!” என்று கத்தினார். “இது ரெண்டாயிரத்து இருபது! எப்படி முடியும்னு எனக்குத் தெரியல! நான் சரணடையறேன்!”

நூல் எண்ணிகளில் ஒருவன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். பிறகு ஒரு கார் ஹாரன் அடித்தது, அடுத்த கார் அடித்தது, அறுநூறும் சேர்ந்துகொண்டன. விளக்குகளைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். ஒரு வேன்காரர் கட்டத்துக்குள்ளேயே சுற்றி ஓடினார். அந்தச் சத்தத்தில் திடலில் இருந்த முயல்கள் எல்லாம் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்திருக்க வேண்டும்.

சத்தம் ஓய்ந்ததும் ஒலிபெருக்கியில் கர்ஸ்டி பேசினாள். பாவம், அவளும் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் வேலை வேலைதான்.

“மிஸஸ் பாக்லிங்டன், அடுத்த விமானம் நாலு நிமிஷத்துல வருது. நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா, இல்லையா? ஆமான்னா பிடிங்க. இல்லைன்னா அப்படியே தள்ளி நில்லுங்க.”

ஹெட்லி மண்டியிட்டபடி மேலே பார்த்தார். ஏவ்ரில் யோசித்தாள். அவள் ஒன்றை யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள், அதைப் பன்னிரண்டு வாரமாய் அவர் பார்க்கவில்லை.

“இப்போதைக்கு இல்லம்மா,” என்றாள் உரக்க. “நான் பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஆயிடுவோம்.”

அவள் அவர் காலரைத் தொடவில்லை. கவைக்கோலை நீட்டி எழுந்திருக்கும்படி சைகை காட்டினாள். ஹெட்லி முழங்கால் கரகரக்க எழுந்து முன்னால் நடந்தார். இரண்டு மீட்டர் பின்னால் இரும்பு முனையோடு அவள் வந்தாள். ஊர்க்காவல் படையைத் தாண்டி, செத்தவர்களைத் தாண்டி, வர்ணனைக் கூண்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த மேஜரைத் தாண்டி, சுண்ணாம்புக் கட்டங்களுக்கு நடுவே அவர்கள் போகப் போக இரண்டு பக்கமும் கார்கள் ஊளையிட்டன.

“எங்கே போறோம்?” என்றார் ஹெட்லி திரும்பாமல்.

“கார் நிக்கற எடத்துக்கு. நீ உன் கார்ல எனக்குப் பின்னால வா. அக்கா வீட்டுல என் பெட்டி இருக்கு, நீதான் தூக்கற. வர்ற வழியில கடையில நிறுத்தி ஒரு கேக் வாங்கற. வெட்டினா கத்தி இறங்கணும்.”

“இறங்கும்.”

“நாளைக்குக் காலையில அந்தக் கறுப்புக் கோட்டைச் சுரண்டற.”

“சுரண்டறேன்.” அவர் கொஞ்ச தூரம் நடந்தார். தோள்பட்டை இற்று விழுந்துவிடும் போல இருந்தது. “ஏவ்ரில், கையை இறக்கிக்கலாமா?”

“வீடு போய்ச் சேரட்டும்,” என்றாள் அவள்.